ஒரே பிரதி

வந்திருந்தவர்கள்:

டாக்டர் வசந்தகோகிலம், இயக்குநர், குரல் மீட்பு மையம், தூத்துக்குடி.
உலகநாதன், நிர்வாக அலுவலர்.
தீபன், மாநிலத் தகவல் துறை, சென்னை.
ஜொஹரா பீவி, பயனாளிகள் தரப்புப் பிரதிநிதி.
பொன்னுதாஸ், இயந்திர அறை ஆபரேட்டர்.
செல்லக்கனி, உதவியாளர். குறிப்பு எழுத.

வராதவர்கள்: ஒருவருமில்லை.

மூன்று வாரத்தில் இது நான்காவது கூட்டம். பட்டியலில் பெயர் வரிசை மாறவில்லை, பேச்சும் மாறவில்லை. மையத்தின் பழைய சர்வர் மார்ச் மாதத்தோடு ஆயுள் முடிகிறது. அதிலிருக்கும் ஆயிரத்து நூற்று முப்பத்தேழு பேரின் கோப்புகளையும் அரசாங்க கிளவுடுக்கு அனுப்பியாக வேண்டும். எப்படி அனுப்புவது என்பதுதான் கேள்வி. மூன்று வழிகள் மேஜைமேல் இருந்தன.

"தனியார் கம்பெனிக்காரன் ஒரே நாள்ல அள்ளிட்டுப் போயிருவான். அத விட்டுப்போட்டு ஒவ்வொண்ணா ரெண்டு மாசம் உருட்டணுமாங்கேன்" என்றார் உலகநாதன். அவருடைய சொந்த விருப்பம் இன்னொன்று. ஹார்ட் டிஸ்கை இரும்புப் பெட்டியில் வைத்து, போலீஸ் காவலோடு காரில் கொண்டுபோவது. கையால் தொட முடியாத எதையும் அவர் நம்புவதில்லை.

"ஒரே நாள்ல போகும், சரி. கோப்பத் திறக்குற சாவி யார்கிட்ட இருக்கும்?" என்றான் பொன்னுதாஸ்.

"கம்பெனிகிட்டதான்."

"அங்க எவனாவது ஒருத்தன் நெனைச்சான்னா?"

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டா முடியுமா தாஸு? நம்பிக்கைன்னு ஒண்ணு வேணும்லா."

"லூர்தக்காவும் நம்பத்தான் செஞ்சா."

அந்தப் பெயர் வந்ததும் எல்லோரும் காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பொன்னுதாஸ் அந்தப் பெயரை எல்லாக் கூட்டத்திலும் எடுப்பான். எடுத்துவிட்டுத் தன் காதுக்குப் பின்னால் இருக்கும் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

அந்தப் பட்டை இல்லாவிட்டால் அவன் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து ஒரு சொல்லும் பேச முடியாது. முப்பத்தேழு வயதில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சுப் போனவன். அப்படிப் போகிறவர்களுக்கு முதல் ஆறு வாரம் அழிந்துகொண்டிருக்கும் சொற்கள் மூளையில் மின்னி மின்னி மறையும். அந்த மின்னலைப் படமாக எடுத்துவிட்டால் போதும். பிறகு அந்தப் படம் சர்வரில் இருக்கும், பட்டை காதோரம் இருக்கும், மனிதன் முன்போல வாயால் பேசுவான். ஆறு வாரம் கழிந்தால் மின்ன எதுவும் மிச்சமில்லை. எனவே ஓர் ஆளுக்கு ஒரு படம்தான். தொலைந்தால் தொலைந்ததுதான்.

லூர்தம்மாளின் படத்தை எவனோ பென்டிரைவில் பிரதி எடுத்துப் போனான். அந்தப் பிரதியை வேறோர் இயந்திரத்தில் ஓட்டினாலும் அதே குரல்தான் பேசும். கட்டிக்கொடுத்த வீட்டில் மகள் செத்துப்போனதற்கு அவள் புகார் கொடுத்திருந்தாள். ஒருநாள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அவள் குரலிலேயே போன் வந்தது. புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றது குரல். லூர்தம்மாள் கோர்ட்டுக்கு ஓடிப்போய் நின்று, அது நானில்லை ஐயா என்று கத்தினாள். சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு குரலும் நூற்றுக்கு நூறு ஒன்றேதான். எந்தக் குரல் அசல் என்று சொல்ல இயந்திரத்துக்கும் தெரியவில்லை, மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியவில்லை. வழக்கு மூடப்பட்டது. மறுநாள் அவள் மையத்துக்கு வந்து பட்டையைக் கழற்றிப் பொன்னுதாஸின் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் அவள் பேசவில்லை.

பென்டிரைவ் வெளியேறியது பொன்னுதாஸ் இயந்திர அறையைப் பூட்டாமல் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில். அது அவனுக்கும் செல்லக்கனிக்கும் மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. ஓர் ஆளுக்கு ஒரே பிரதி. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பினால் புறப்பட்ட இடத்தில் அழித்துவிட வேண்டும். போகிற வழியில் எவனும் திறக்கக் கூடாது.

"மூணாவது வழிதான் சரி" என்றான் பொன்னுதாஸ். "ஒவ்வொருத்தர் கோப்பா போகட்டும். ஒண்ணுக்கு நாலு மணி நேரம். சாவிய அஞ்சாப் பிரிச்சு நம்ம அஞ்சு பேருக்கும் குடுக்கட்டும். மூணு பேர் சேர்ந்தாதான் அங்க திறக்கும். தனி ஒருத்தன் தலைகீழா நின்னாலும் திறக்க முடியாது."

"டெக்னிக்கலா அதுதான் பெஸ்ட், மேடம்" என்றான் தீபன். இருபத்தெட்டு வயது. நான்கு கூட்டத்திலும் அவன் சொன்ன ஒரே முழு வாக்கியம் அது.

"அந்த நாலு மணி நேரம் ஆளுக்குப் பேச்சு இருக்காதாமே?" என்றார் ஜொஹரா பீவி. அவருடைய கணவர் பயனாளி எண் நானூற்றுப் பதினெட்டு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

"இருக்காது. கோப்பு வழியில இருக்கும்போது எங்கயும் ஓடாது."

"நாலு மணி நேரம் அந்த மனுசன் வாயத் திறக்கலைன்னா எனக்கு நல்லதுதான்" என்றார் ஜொஹரா பீவி. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பின் சூட்டில் முடிவும் ஆயிற்று.

பரிமாற்றத்துக்கான விதிகளில் ஏழாவதைப் பொன்னுதாஸே சொல்லச் சொல்லச் செல்லக்கனி தட்டச்சு செய்தாள். சாவியின் பங்குகளில் மூன்று எந்த ஒரு நபருக்கேனும் தெரியவந்தால் அந்தச் சாவி செத்தது. அதைக்கொண்டு அதுவரை அனுப்பிய கோப்புகள் அத்தனையும் அழிக்கப்பட வேண்டும். பயனாளியின் எண்ணே பதிவேட்டிலிருந்து போய்விட்டால், எவனாவது பிரதி எடுத்து வைத்திருந்தாலும் அது பேசாது.

"கொஞ்சம் கடுமையா இருக்கே பொன்னுதாஸ்?" என்றார் டாக்டர்.

"கடுமையா இருந்தாத்தான் மேடம் கவனமா இருப்பாங்க."

"சரி. முதல்ல யாரை அனுப்புறது? ஒரு ஆளை வச்சுப் பரீட்சை பண்ணணும்."

"என்னை அனுப்புங்க" என்றான் பொன்னுதாஸ்.

வியாழக்கிழமை காலையில் அவன் மனைவி ரோஸ்லின் இட்லித் தட்டை வைத்த வேகத்தில் சாம்பார் மேஜையில் கொட்டியது.

"ஆயிரத்துச் சொச்சம் பேர்ல உங்களுக்கு மட்டும் என்ன நேர்த்திக்கடனா? மொத ஆளா போயி நிக்கணும்னு?"

"நான் வழி சொல்லிட்டு அடுத்தவனப் போகச் சொல்ல முடியுமா?"

"சொல்லலாம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. உங்களுக்கு மட்டும் பெரிய யோக்கியன்னு நெனப்பு."

பொன்னுதாஸ் பதிலுக்கு நாலு சொன்னான். அவளும் விடவில்லை. அவனுக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. பேச்சுப் போன பிறகு பட்டை கைக்கு வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அந்தப் பதினான்கு மாதமும் ரோஸ்லின் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. தூரத்து ஊரிலிருந்து வந்த உறவுக்காரனைப் போல உபசரித்தாள். போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, ஃபேன் போடவா. பக்கவாதத்தைவிட அவனை அதிகமாக வதைத்தது அந்த மரியாதைதான்.

பத்து மணிக்கு மையத்தில் அவன் பட்டை அணைந்தது.

கேட்டால் புரியும். சொல்ல வராது, எழுத வராது, எழுத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்வது போலிருக்கும். மேஜை தெரிந்தது. அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதும் தெரிந்தது. பெயர் மட்டும் இல்லை. டீ கொண்டுவந்தவரிடம் சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் சர்க்கரை போட்ட டீயைக் குடித்தான். நாலு மணி நேரம்தானே என்று நினைத்துக்கொள்ளக்கூட அவனிடம் சொல் இல்லை. விரலை மட்டும் மடக்கி மடக்கி எண்ணினான். அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்த சாவிப் பங்கும் எட்டுச் சொற்கள்தான். அதுவும் போய்விட்டது. இதை முன்பே யோசிக்காமல் போனது அவனுக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டு மணிக்குச் சற்று முன்பு இயந்திர அறையின் முன்கூடத்துக்குப் போனான். ஐந்து பேரில் மூன்று பேராவது அங்கே இருக்க வேண்டும், தனித்தனியாகப் போய்த் தங்கள் பங்கை அடிக்க வேண்டும், மற்றவர் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதுதான் ஏற்பாடு.

திரைக்கு முன்னால் செல்லக்கனி மட்டும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் ஜொஹரா பீவி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வேறு யாரையும் காணோம்.

செல்லக்கனியின் இடதுகைப் பக்கம் ஒரு காகிதம். அதில் நான்கு வரிகள், வரிக்கு எட்டுத் துண்டு எறும்புகள். அவள் முதல் வரிமேல் ஸ்கேலை வைத்துக்கொண்டு அடித்தாள். திரையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ஸ்கேலை இறக்கினாள். இரண்டாவது வரி. இரண்டாவது விளக்கு.

பொன்னுதாஸுக்குப் படிக்கத் தேவையே இல்லை. பாய்ந்துபோய்க் காகிதத்தைப் பிடுங்கினான்.

"அண்ணாச்சி! என்ன பண்ணுதிய? கிழிஞ்சிரும்!"

அவன் காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். வாயிலிருந்து பம் பம் என்று ஒரு சத்தம் வந்தது. வேறெதுவும் வரவில்லை. நான்கு விரலைக் காட்டினான், அவளைக் காட்டினான், தன் நெஞ்சில் குத்திக்கொண்டான்.

"பயந்துட்டாரு பாவம்" என்றார் ஜொஹரா பீவி. "பயப்படாதீங்க வாப்பா. எம்பங்கும் அதுலதான் எழுதிக் கொடுத்திருக்கேன். எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுல்ல."

"இந்தா முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. இன்னும் ஒரே வரிதான்." அவள் குழந்தையிடம் வாங்குவது போலக் காகிதத்தை மெதுவாக வாங்கினாள். அவன் விட்டான். விடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது வரி. மூன்றாவது விளக்கு.

மேஜைக்கு மேஜை என்ற பெயர் திரும்பி வந்தது.

"எத்தன பேரு எழுதிக் குடுத்தாங்க?" அதுதான் அவன் சொன்ன முதல் வாக்கியம்.

"எல்லாரும்தான். நீங்க ஒருத்தர்தான் தரல."

"தீபனுமா?"

"அந்தத் தம்பி போன்ல மெசேஜ் போட்டுருச்சு. மேடம் கலெக்டர் மீட்டிங் போறேன்னு துண்டுச்சீட்டுல எழுதித் தந்தாவ. ஏ.ஓ. உலகநாதன் சாருக்கு டைப்பிங்கே வராதே. நாலையும் ஒரே தாள்ல எடுத்து எழுதிக்கிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதானே கூட்டம் போட்டு முடிவு பண்ணோம்? நீதானே டைப் அடிச்ச?"

"பிறத்தியார்கிட்ட சொல்லக் கூடாது, சரி. நான் பிறத்தியாளா அண்ணாச்சி? மேடம் மெயில நான்தான் திறக்கேன். ஏ.ஓ. சார் வீட்டு கரெண்டு பில்லு, அவரு மக ஹால் டிக்கெட்டு, எல்லாம் நான்தான். இருபத்திரண்டு வருசமா இந்த ஆபீஸ்ல யாரு பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது?"

அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பொன்னுதாஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். நான்கு கூட்டம், மூன்று வாரம், உலகத்திலேயே உடைக்க முடியாத பூட்டு. திறப்பதற்கு ஓர் உதவியாளரும் ஒரு ஸ்கேலும் போதும்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கூட்டம். பரீட்சை வெற்றி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு. லட்டு வந்திருந்தது.

பொன்னுதாஸ் லட்டைத் தொடவில்லை. நடந்ததைச் சொன்னான். சுற்றி வளைக்காமல், யார் யார் எப்படிக் கொடுத்தார்கள் என்பதோடு.

உலகநாதன் கையிலிருந்த லட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"நீங்க சொல்றது சரிதான் சார்" என்றான் தீபன். "ஆனா நீங்க இத சொன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"ஏழாவது விதி."

"அந்தச் சாவில இதுவரைக்கும் போன கோப்பு ஒண்ணே ஒண்ணுதான். உங்களோடது."

"தெரியும்."

ஜொஹரா பீவி உதட்டில் கை வைத்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பொன்னுதாஸ், ஒரு நிமிஷம். நாங்க யாரும் இத கேக்கல. சரியா? நீங்க சொல்லல, நாங்க கேக்கல. உங்க பேச்சை நாங்களே பிடுங்கணுமா? என்னால அது முடியாது."

"அப்ப மிச்சம் ஆயிரத்து நூத்து முப்பத்தாறு பேரும் செல்லக்கனி காகிதத்துல போகணும்."

"சாவிய மாத்திக்கிடுவோம்" என்றார் உலகநாதன். "எட்டு மாசத்துல நான் ரிட்டயர்டு. பொறுப்பாளர் மாறினா சாவியும் தானா மாறும். அழிக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"மார்ச்சுக்குள்ள எல்லாக் கோப்பும் போயிரும் சார். எட்டு மாசம் கழிச்சு எத மாத்துவிய? சரி, இன்னைக்கே மாத்தினாலும் உங்க புதுப் பங்க யாரு அடிப்பா?"

உலகநாதன் உண்மையாகவே குழம்பிப்போனார். "வேற யாரு? செல்லக்கனிதான்."

"அதத்தான் சார் சொல்லுதேன்!" பொன்னுதாஸ் மேஜையில் அடித்தான். லட்டுத் தட்டு குதித்தது. "உங்க எல்லாருக்கும் எவ்வளவு சொன்னாலும் புரியலையா, இல்ல புரியாத மாதிரி நடிக்கியளா?"

"கோவப்படாதீங்க சார்" என்றான் தீபன். "விதிய இன்னொருவாட்டி படிச்சுப் பாப்போம். 'எந்த ஒரு நபருக்கேனும் தெரியவந்தால்'னு இருக்கு. உதவியாளர் தட்டச்சு பண்றது அலுவலகக் கருவியோட பயன்பாடு. அதாவது அவங்க தன் இஷ்டத்துக்கு எதுவும் செய்யல. நாம சொன்னதத்தான் அடிச்சாங்க."

"அதான!" உலகநாதனுக்கு மூச்சு வந்தது. "செல்லக்கனி ஒரு ஆளா? கீபோர்டு மாதிரி அவ. கீபோர்டுக்குப் பாஸ்வேர்டு தெரிஞ்சா தப்பா?"

ஜொஹரா பீவி சிரிக்கப் போய், செல்லக்கனியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். செல்லக்கனி மடிக்கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதும்மா" என்றார் டாக்டர். குரல் தணிவாக இருந்தது, அன்பாகவும் இருந்தது. "உதவியாளர் விதி ஏழின் பொருளில் நபர் அல்ல என்று குழு தெளிவுபடுத்துகிறது. பரிமாற்ற முறை திருப்தியாக உள்ளது. திங்கள் முதல் நாளொன்றுக்கு இருபது கோப்புகள், ஒரே நேரத்தில் அனுப்பலாம்."

செல்லக்கனி அடித்தாள். ஒவ்வோர் எழுத்தாக. இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவ்வளவு மெதுவாக அடித்து யாரும் பார்த்ததில்லை.

"நபர் அல்ல. முற்றுப்புள்ளி வச்சாச்சு மேடம்" என்றாள்.

பொன்னுதாஸ் ஒவ்வொருவராகப் பார்த்தான். இவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை என்பதுதான் அவனுக்கு ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். இவர்கள் அவன் வாயைக் காப்பாற்றுகிறோம் என்று அவன் வாயை அடைத்துக்கொண்டிருந்தார்கள். லூர்தம்மாளைக்கூட அன்றைக்கு எல்லோரும் தாங்கித்தான் பிடித்தார்கள். டீ வாங்கிக் கொடுத்து, ஆட்டோ வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கையெழுத்துப் போடாமல் எழுந்து வெளியே வந்தான்.

குழுவுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். கூட்டக் குறிப்பில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், இயந்திரத்தின் குறிப்பில் எழுத முடியாது. ஆபரேட்டர் விதி ஏழின் கீழ் ஒரு கோப்பை அழித்தால் காரணம் தானாக மாநிலத் தணிக்கைக்குப் போகும். அந்த நொடியே பரிமாற்றம் நிற்கும். ஆள் வந்து விசாரித்து, சாவி வைத்திருப்பவர்களை மாற்றி, முறையை மாற்றாமல் மறுபடி ஓடாது. ஆனால் அழிப்பதற்கு அந்தச் சாவியில் போன கோப்பு ஒன்று வேண்டும். இருப்பது ஒன்றுதான்.

மாடிப்படிக்குக் கீழே நின்று ரோஸ்லினுக்குப் போன் செய்தான். அவள் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறாள். எடுத்தவுடன், வேலை நேரத்தில் என்ன போன் என்றாள். அவன் விஷயத்தைச் சொன்னான்.

ஆறு நிமிடம் திட்டினாள். அவனை, அவன் அப்பாவை, அவனுக்கு வேலை போட்டுக்கொடுத்தவர்களை, தன்னை அவனுக்குக் கட்டிவைத்த சர்ச்சின் பங்குச் சாமியாரை. ஊருக்கெல்லாம் நல்லவன், எனக்கு மட்டும் ஊமையா என்று கேட்டாள்.

"ஒங்கள விட்டா வேற ஆளே இல்லையா?"

"முதல்ல போனது நான்தான் ரோஸி. இன்னைக்கு வெள்ளி. திங்கக்கிழமைன்னா இருபது பேரு வாய அழிக்கணும். அத என்னால செய்ய முடியாது. இது முடியும்."

"எனக்கு ஒண்ணும் புரிய வேண்டாம்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். போன தடவ மாதிரி என்ன விருந்தாளி ஆக்கிராத. திட்டு. எனக்குக் கேக்கும்."

"வீட்டுக்கு வாங்க. இன்னும் பாதிகூடத் திட்டல" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். போனை அவள்தான் வைத்தாள்.

இயந்திர அறை வாசலில் செல்லக்கனி நின்றிருந்தாள். கையில் அறைச் சாவி. கூட்டக் குறிப்பின் அச்சுப் பிரதி கக்கத்தில்.

"இங்கதான் வருவியன்னு தெரியும்" என்றாள். "நீங்க எந்திச்சுப் போன விதத்த மேடமும் பாத்தாவ. தேடிட்டு வருவாவ. தடுப்பாவ. ஒங்க நல்லதுக்குத்தான்னு சொல்லுவாவ."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"லட்டு காலியாகணும். பத்து நிமிசம்." அவள் சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தாள். குளிர்காற்று முகத்தில் அடித்தது.

"செல்லக்கனி, தணிக்கைக்காரன் விசாரணைக்கு வருவான். தாளு யாரு எழுதினதுன்னு கேப்பான். வேலைக்கே வினையாகலாம்."

"கேக்கட்டும். நான்தான் எழுதினேன்னு சொல்லுவேன். என் பேரு, இனிஷியலு, எல்லாம் சொல்லுவேன்." அவள் குறிப்பின் தாளைக் காட்டினாள். "இத அடிக்கும்போது நெனைச்சேன் அண்ணாச்சி. இவிய என்னய வீட்டு ஆளா நெனைச்சுதான் பாஸ்வேர்டச் சொல்லுதாவன்னு இத்தன வருசம் நெனைச்சிட்டிருந்தேன். ஆளாவே நெனைக்கல. அதான் சொல்லிருக்காவ."

பொன்னுதாஸுக்கு அதற்குச் சொல்ல ஏதாவது வேண்டும் போலிருந்தது. கைவசம் இன்னும் எல்லாச் சொற்களும் இருந்தன. ஒன்றும் தோதாக வரவில்லை.

"எனக்கும் அதுல பங்கிருக்கு" என்றான் கடைசியில். "சாவிய யார் யாருக்குப் பிரிக்கலாம்னு யோசிச்சப்ப உன் பேரு எனக்கும் தோணல."

"தெரியும்" என்றாள் அவள். கோபமில்லாமல்.

மாடியில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யாரோ தாஸு, தாஸு என்று கூப்பிட்டார்கள். உலகநாதன் குரல்தான்.

"உள்ள எவ்வளவு நேரமாகும்?"

"மூணு தடவ நிச்சயமான்னு கேக்கும். கடைசித் தடவ வாயால சொல்லணும். என் குரல்லயே. அதுக்கப்புறம் ரெண்டு நிமிசம்."

"முடிஞ்சா கதவ ரெண்டு தட்டு தட்டுங்க. திறந்து விடுதேன். அதுவரைக்கும் கலெக்டரே வந்தாலும் சாவியக் காணோம்பேன்."

பொன்னுதாஸ் உள்ளே போனான். திரும்பிப் பார்த்தான். படியில் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"பூட்டு" என்றான்.

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். சாவி இரண்டு சுற்று சுற்றியது.